கைப்பிடிச் சுவருக்குப் பின்னால்: செட்டிநாட்டின் ஒரு கான்கிரீட் வீட்டைப் படமெடுத்த நான்கு நாள்

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான பத்துப் படங்களோடுதான் திரும்புகிறார்கள். பர்மா தேக்குத் தூண் வரிசை, ஆத்தங்குடிப் பூக்கல் தரை, நிலைக்கு மேலே கஜலட்சுமி, பெல்ஜியம் கண்ணாடி. நானும் அவற்றை எடுத்திருக்கிறேன், ஒரு முறைக்கு மேலேயே. போன ஆகஸ்ட் கடைசி வாரம் போனது வேறொன்றுக்காக. 1930களில் கட்டிய ஒரு வீட்டின் முகப்பு. வளைந்த மூலை, படிப்படியாக ஏறி நடுவில் உச்சி கொள்ளும் கைப்பிடிச் சுவர், ஜன்னல்களுக்கு மேல் புருவம் மாதிரி ஒரே கோடாக ஓடும் சன்ஷேடு. பாரிஸில் 1925இல் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து பெயர் பெற்ற ஆர்ட் டெக்கோ பாணி அது. மும்பையின் கடற்கரைச் சாலையில் இப்படிப்பட்ட கட்டடங்களைப் பார்க்கலாம். அவை 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. காரைக்குடியிலிருந்து அரை மணி தூரத்தில், மாடு மேயும் தெருவில் அதே பாணி நிற்கிறது. அதை எடுக்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

அந்த ஒரு வீட்டை நான்கு நாள் படமெடுத்த கதை இது. எங்கே தவறினேன், எது கைகொடுத்தது, எந்தப் படம் கடைசியில் நின்றது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். பயணத்தில் நவீனக் கட்டடங்களை எடுக்கிறவர்களுக்கு இதில் நேரடியாகப் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் இல்லை.

வீடு

நகரத்தார் பெரிய வீடுகள் கட்டிய காலம் ஏறத்தாழ 1850இல் தொடங்கி 1940கள் வரை. முதலில் வந்தவை சுண்ணாம்பும் தேக்கும். கானாடுகாத்தான் அரண்மனை 1912ஆம் ஆண்டுக் கட்டடம். அதன் முகப்பில் இருப்பது ஐரோப்பிய மாளிகைகளின் அலங்காரம். அதற்கு அடுத்த தலைமுறை ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் தொழில் பார்த்தவர்கள். அந்த ஊர்களில் புதிதாக எழும்பிய சினிமாக் கொட்டகைகளையும் கடை வரிசைகளையும் தினம் பார்த்தவர்கள். சிமெண்டும் கம்பியும் கைக்கு வந்தபின் அவர்களும் அதே கோடுகளை ஊரில் இழுத்தார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த சொத்தும் தொழிலும் போயின. அதோடு இந்த வேகமும் அடங்கியது. ஆகவே டெக்கோ வீடுகள் செட்டிநாட்டின் கடைசி அலை. எண்ணிக்கையில் குறைவு, எனக்கு அதனாலேயே நெருக்கம்.

நான் எடுத்துக்கொண்ட வீடு கிழக்குப் பார்த்தது. முகப்பு அகலம் அறுபத்தைந்து அடி இருக்கும், உயரம் முப்பத்தைந்து. வெளிர் நீலப் பூச்சு, ஓரங்களில் மட்டும் மஞ்சள். இரும்புக் கேட்டின் நடுவில் குடும்பத்தின் விலாசம், அதாவது அவர்கள் தலைமுறை முதலெழுத்துகள், கம்பியை வளைத்துச் செய்யப்பட்டிருந்தது. கைப்பிடிச் சுவரின் உச்சியில் பூச்சு வேலையில் ஆண்டு எழுதியிருந்தது: 1, 9, 3. நான்காவது எண் உதிர்ந்துவிட்டது.

கேட்டைத் தாண்டி உள்ளே போனால் வேறு உலகம். முகப்பு, ஆல்வீடு என்ற முன்கூடம், அப்புறம் வளவு என்ற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கொல்லைக் கதவு. தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரே நேர்கோடு. வளவைச் சுற்றி மணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை. தாத்தா காலத்து வீட்டின் திட்டம் அப்படியே இருக்கிறது. புதுசு முகத்தில் மட்டும்தான். இந்த இரண்டும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதை ஒரு படத்தில் காட்ட வேண்டும், இதுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட வேலை.

முதல் நாள்: இரண்டு தவறு

காலை ஒன்பது மணிக்குத் தெருவில் நின்றேன். வெளிச்சம் முகப்பில் முழுதாக விழுந்திருந்தது. அவசரத்தில் 16 எம்எம் லென்ஸை மாட்டி, கேமராவை மேலே தூக்கி, முழு வீட்டையும் கட்டத்துக்குள் அடக்கினேன். அறைக்குப் போய் லேப்டாப்பில் பார்த்தபோது வீடு மல்லாக்க விழுந்துகொண்டிருந்தது. கேமராவை மேலே சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மேலே போய்க் குவியும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேக்குத் தூண் வீட்டில் அதைக் கண் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் அங்கே பார்க்க ஆயிரம் சிற்ப வேலை இருக்கிறது. டெக்கோவில் கோடுதான் அலங்காரம். கோடு சாய்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தினேன். மேல் பாதி இழுபட்டு, கைப்பிடிச் சுவரின் படிகள் இருந்ததைவிட உயரமாகத் தெரிந்தன. அந்தப் படிகளின் அளவைத்தான் கட்டியவர் யோசித்து யோசித்து வைத்திருப்பார். அந்தப் படங்களைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

இரண்டாவது தவறு பெரியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவரிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கிவிட்டு, பத்து மணிக்கு உள்ளே போய் ட்ரைபாடை விரித்தேன். பதினோரு மணிக்கு அந்த அம்மாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“தம்பி, கோவிச்சுக்காதிய. கோயம்புத்தூர் ஆச்சிக்குத் தெரியாதாம். நிறுத்தச் சொல்றாக.”

செட்டிநாட்டு வீடு ஒருவருடையது அல்ல. இந்த வீட்டில் ஆறு புள்ளி, அதாவது ஆறு குடும்பப் பங்கு. ஒருவர் சரி என்றால் ஆறில் ஒன்று சரி என்றுதான் அர்த்தம். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் எல்லோரும் வந்து கூடும் வீடு. அந்த நாளில் யார் எந்த அறையில் தங்குவது என்பதுகூடப் பேசி முடிவான கணக்கு. அதற்குள் ஒரு வெளியாள் கேமராவோடு நுழைந்திருக்கிறான் என்று அந்த ஆச்சிக்கு மூன்றாம் மனிதர் மூலமாகத் தெரிந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? தவறு என்னுடையது. ட்ரைபாடை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சட்டம் இங்கே எதுவரை உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டடத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை. தெருவில் நின்று முகப்பை எடுக்க அது போதும். வாசற்படியைத் தாண்டியபின் அது ஒருவருடைய வீடு. அங்கே பதிப்புரிமைச் சட்டம் நமக்கு எந்த உரிமையும் தருவதில்லை.

காரைக்குடி, மத்தியானம்

வேலை நின்றதால் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். பிரித்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம், கடிகாரம். ஒரு கடை வாசலில் இரும்பு கிரில் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. உதிக்கிற சூரியன் மாதிரி கதிர்கள் விரியும் டெக்கோ கிரில். நடுவில் மூன்று எழுத்து விலாசம். பெயின்ட் சுரண்டியிருந்த இடத்தில் அடியில் பச்சை, அதற்கும் அடியில் வெள்ளி நிறம். யாரோ மூன்று முறை அதற்கு வண்ணம் அடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். விலை கேட்க மனசு வரவில்லை.

தூண்களுக்கும் கதவுகளுக்கும் வாங்க ஆள் உண்டு, ஆகவே பிரித்தாலும் அவை எங்கேயாவது ஒரு ஹோட்டலில் நிற்கும். கான்கிரீட் முகப்பை யாரும் வாங்க மாட்டார்கள். இடித்தால் கல்லும் மண்ணும்தான். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தனி வீட்டின் இடிப்பை நிறுத்தாது. டெக்கோ முகப்புகளைச் சரியாகப் படமெடுத்து வைப்பது அவசரம் என்று நான் நினைப்பதற்கு இந்தத் தெருதான் காரணம்.

திரும்பும்போது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கடந்து வந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அரசு ஆய்வகம் என்பதால் உள்ளே கேமராவைக் கொண்டுபோக முறையான அனுமதி வேண்டும். நான் கேட்கவில்லை, சாலையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் காரைக்குடி வட்டாரத்தில் நவீனக் கட்டடம் தேடுகிறவர்கள் வீடுகளோடு நிறுத்தாமல் இந்த மாதிரி ஆய்வு, கல்வி வளாகங்கள் பக்கமும் போக வேண்டும். வீட்டில் முகத்தில் மட்டும் இருந்த புதுமை பத்தே வருடத்தில் முழுக் கட்டடமாக வளர்ந்ததை அங்கே பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: எதிர்வீட்டுத் திண்ணை

காலையிலிருந்து தொலைபேசிதான். ஆறு பங்குக்கும் பேசினேன். யார் நான், எதற்கு எடுக்கிறேன், எங்கே போடுவேன், எதை எடுக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னேன். கோயம்புத்தூர் ஆச்சிதான் கடைசி. கோபமாக இருப்பார் என்று பயந்து பயந்து பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “சாமி வீட்டையும் பூட்டின ரூமையும் எடுக்காதிய. மத்ததெல்லாம் எடுங்க. எடுத்ததை எங்களுக்கும் குடுக்கணும் தம்பி.” அது நியாயமான பேச்சு. சாயங்காலம் நான்கு மணிக்கு அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் சரி சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது.

அதுவரை நான் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா பைக்குள். அந்தப் பகல் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுத்ததில்லை.

காரைக்குடி ஏறத்தாழ பத்து டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வரும். காலையில் நேர் கிழக்கை ஒட்டி எழுந்து, பெரிதாக எந்தப் பக்கமும் சாயாமல் மேலே ஏறும். கிழக்குப் பார்த்த முகப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் அது ஒரு கடிகாரம். சன்ஷேடு இரண்டடி நீட்டம். ஒன்பது மணிக்கு அதன் நிழல் சுவரில் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு, ஜன்னலின் மேல் பாதி வரை. பத்தரைக்கு நாலடி, ஜன்னல் முழுவதும் நிழலுக்குள். பதினொன்றரைக்கு ஜன்னலையும் தாண்டிச் சுவரில் வழிந்துவிட்டது. முகப்பின் கிடைக்கோடுகள் காலை முழுக்கத் தடித்துக்கொண்டே போகின்றன. நமக்கு உச்சிவேளை 12 மணிக்கு இல்லை. அந்த வாரம் அங்கே 12:15ஐ ஒட்டி வருகிறது. அதற்கு முந்தைய பதினைந்து நிமிடம் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது. சுவரில் நூலளவு மேடு இருந்தாலும் அதற்குக் கீழே ஒரு கருங்கோடு.

நடுப்பகலில் கட்டடம் எடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறோம். மரமும் முகமும் எடுக்கிறவர்களுக்கு அது சரி. புடைப்பு வேலை உள்ள சுவருக்கு, அந்தச் சுவர் பார்த்திருக்கும் திசைக்கு, அந்த மாதத்துக்கு எது நல்ல நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மொபைலில் சூரியன் போகும் பாதையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன, பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சன்ஷேடு எவ்வளவு நீட்டம் என்று செயலிக்குத் தெரியாது.

பத்தரை மணி வாக்கில் எதிர்வீட்டுக்காரர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, மேலே போய்ப் பாருங்கள் என்றார். அவர் வீடு இன்னும் உயரம். மொட்டை மாடியில் படிக்கட்டு அறை, அதன் மேலும் ஏறலாம். ஏறிப் பார்த்தேன்.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஓடு.

தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீடு முழுக்கக் கான்கிரீட். மேலிருந்து பார்த்தால் அந்த நீலப் படிகளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாட்டு ஓடு, நாலு பக்கமும் வளவை நோக்கிச் சரிகிறது, நடுவில் வளவின் சதுரம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டின் ஓடு, அப்புறம் கொல்லையின் வேப்பமரம். அந்தக் கைப்பிடிச் சுவரின் வேலையே ஓட்டை மறைப்பதுதான். தெருவில் நின்று எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுவர் சொன்னபடி கேட்டுக்கொண்டு எடுக்கிறோம். உள்ளே போய் எடுக்கிறவர்கள் முகப்பை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து தெரியும் இடம் இது ஒன்றுதான். அன்று அனுமதி இல்லாததால் கேமராவை எடுக்கவில்லை. எங்கே நின்றேன் என்று தளத்தில் சாக்பீஸால் குறி வைத்துவிட்டு இறங்கினேன். சாயங்காலம் இடி மழை பெய்து அதை அழித்துவிட்டது. பரவாயில்லை, இடம் மனசில் இருந்தது.

மூன்றாம் நாள்: முகப்பும் வளவும்

இந்த முறை 24 எம்எம் ஷிஃப்ட் லென்ஸ். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கேமராவை மேலே சாய்க்காமல், நேராக வைத்தபடியே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். கேமராவின் பின்பக்கம் சுவருக்கு இணையாகவே இருப்பதால் கோடுகள் குவியாது. எதிர்வீட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நின்றேன், நாற்பத்தைந்து அடி தூரம். லென்ஸை ஆறு எம்எம் மேலே தள்ளியதும் கைப்பிடிச் சுவரின் உச்சி கட்டத்துக்குள் வந்தது. இந்த லென்ஸ் விலை அதிகம், நான் நண்பரிடம் இரவல் வாங்கியது. இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அகலமான லென்ஸைப் போட்டு, கேமராவை மட்டமாக வைத்து எடுத்து, கீழ்ப் பாதியில் வரும் வெறும் தெருவை வெட்டிவிடலாம். பிக்சல் கொஞ்சம் போகும், வீடு நிமிர்ந்து நிற்கும். ட்ரைபாடில் ரசமட்டக் குமிழ் இருந்தால் அதை நம்புங்கள். பழைய தெருக்களில் தரை மட்டமாக இருக்காது.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, அரை மணிக்கு ஒன்றாக, கேமராவை அசைக்காமல் எடுத்தேன். பத்தரை மணிப் படத்தில்தான் முகப்பு அதன் உண்மையான வடிவத்தில் நின்றது: ஒளிப் பட்டையும் நிழல் பட்டையும் சம அளவில், வளைந்த மூலையில் மட்டும் நிழல் மெதுவாகக் கரைகிறது. கேபிள் டிவி ஒயர் ஒன்று முகப்புக்குக் குறுக்கே போகிறது. இரண்டு டிஷ் ஆன்டெனா. அவற்றை அழிக்க முடியும், அழிக்கவில்லை. பயணத்துக்கு வந்தவனுக்கு வேண்டாத ஒயர் அந்தத் தெருவில் வாழ்கிறவர்களுக்கு வேண்டியது. என் வண்டியை மட்டும் அடுத்த தெருவுக்கு எடுத்துப் போய் நிறுத்தினேன்.

12:05க்கு நீண்ட லென்ஸை மாட்டி ஆண்டு எழுதிய இடத்தை மட்டும் எடுத்தேன். 1, 9, 3 மூன்றும் மேலே வெளிச்சம், கீழே கருநிழல் என்று எழுந்து நின்றன. அவற்றுக்கு அடுத்த வெற்றிடத்தில், மற்ற நேரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு தழும்பு. பூச்சு ஒட்டியிருந்த விளிம்பு மட்டும் மயிரிழை உயரத்தில் மிச்சமிருந்தது. மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம். படத்தைப் பெரிதாக்கி அந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எட்டுல்ல அது?” என்றார்.

உள்ளே எடுப்பதில் வேறு சிக்கல். ஆல்வீட்டிலிருந்து கொல்லைக் கதவு வரை அந்த நேர்கோட்டை எடுக்க வேண்டும். மத்தியானம் அளந்து பார்த்தேன்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8. வெயில் விழும் வளவுக்கு நானூறில் ஒரு பங்கு விநாடி, ஆல்வீட்டின் மூலைக்கு இரண்டு விநாடி. ஒன்பது ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பல எக்ஸ்போஷர் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம். முதல் நாள் அப்படிச் சேர்த்துப் பார்த்ததில் அறையின் இருட்டு எல்லாம் சாம்பலாக மாறிவிட்டது. செட்டிநாட்டு வீட்டில் இருட்டு ஒரு பொருள். வெயிலில் நடந்து வந்தவர் முகப்பைத் தாண்டியதும் உடம்பில் உணர்வது அந்த இருட்டைத்தான், அதோடு வரும் குளிர்ச்சியைத்தான். அதை வெளிச்சமாக்கினால் வீடு பொய்யாகிவிடும்.

ஆகவே காத்திருந்தேன். அன்று சூரியன் மறைந்தது 6:25 வாக்கில். வளவுக்கு மேலே வானம் மெல்ல இறங்க, உள்ளே இரண்டு பல்புகளை மட்டும் போடச் சொன்னேன், வீட்டில் ஏற்கெனவே இருந்தவை. 6:40க்கு வித்தியாசம் மூன்று ஸ்டாப். 6:45க்கு எடுத்தது ஒரே எக்ஸ்போஷர், ஆறு விநாடி. வளவு நீலம், ஆல்வீடு மஞ்சள், கடைசியில் கொல்லைக் கதவு ஒரு சின்ன வெளிர் சதுரம். நிறச் சமநிலையை வளவுக்கும் பல்புக்கும் நடுவில் வைத்தேன். இரண்டையும் வெள்ளையாக்க முயலவில்லை. அந்த நேரத்துக்கு அங்கே நின்றவர் கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரிந்தது.

தரையைப் பற்றி ஒன்று. பூக்கல்லை ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள். இரும்புச் சட்டத்துக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டுத் தகட்டைப் பிரித்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். நிறையப் பேர் போலரைசர் ஃபில்டரை முழுதாகத் திருப்பி அந்தப் பளபளப்பை எடுத்துவிடுகிறார்கள். வண்ணம் பளிச்சென்று வரும், தரை அட்டை மாதிரி ஆகிவிடும். நான் கால்வாசி மட்டும் திருப்பினேன். அந்த அம்மா படத்துக்கு முன்பு ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டார். முழங்கால் போட்டு, ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் விரலால் தடவி. நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. “விளக்கு வைக்கிற நேரத்துல அழுக்காவா இருக்கும்?”

நான்காம் நாள்: மேலிருந்து

ஆறே காலுக்கு எதிர்வீட்டுப் படிக்கட்டு அறையின் மேலே ஏறிவிட்டேன். சூரியன் எனக்குப் பின்னால். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: நான் நின்றிருந்த வீட்டின் நிழல் எதிரே முகப்பில் விழுந்திருந்தது. ஏழு மணிக்கு அது முகப்பில் பாதிக்கு மேல் ஏறி நிற்கிறது. எட்டே முக்காலுக்குள் தெருவுக்கு இறங்கிவிடும். முதலில் வருத்தப்பட்டேன். பிறகு பார்த்தால் அதுதான் வேண்டியிருந்தது. முகப்பின் கீழ்ப்பகுதி அமைதியான நிழலில், கைப்பிடிச் சுவரின் படிகள் மட்டும் வெயிலில், அவற்றுக்குப் பின்னால் அத்தனை ஓடும் செம்மண் நிறத்தில் எரிகிறது. இரண்டு நாள் முன்பு பெய்த மழையின் கறை ஓடுகளின் பள்ளத்தில் இன்னும் இருந்தது.

இங்கே லென்ஸைக் கீழே நகர்த்த வேண்டியிருந்தது, கேமரா மட்டமாகவே இருந்தது. ட்ரோன் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். ட்ரோன் கையில் இருந்தால் வீட்டுக்கு நேர் மேலே அனுப்பத்தான் தோன்றும். அங்கிருந்து பார்த்தால் முகப்பு வெறும் கோடு, வீடு ஒரு வரைபடம். முகமும் முதுகும் ஒருசேரத் தெரிவது எதிர்வீட்டு உயரத்தில்தான், அண்டை வீட்டுக்காரர் தினம் துணி காயப்போடும்போது பார்க்கும் அந்த உயரத்தில். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு எடுத்த படம்தான் இந்த நான்கு நாளின் படம் என்று நான் நினைக்கிறேன். பத்தரை மணி முகப்பும் 6:45 வளவும் அதற்கு இரண்டு பக்கத்துச் சாட்சிகள்.

கொடுத்தது

மொத்தம் நானூறுக்கு மேல் எடுத்ததில் பதினாலு தேறின. சொன்ன வாக்குப்படி ஆறு பங்குக்கும் பெரிய அளவில் அச்சுப் போட்டு அனுப்பினேன், ஃபைல்களையும் கொடுத்தேன். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், பிறந்ததிலிருந்து இந்த வீட்டை இப்படிப் பார்த்ததே இல்லை என்றார். ஓடு மாற்ற வேண்டிய இடம் எது என்று இன்னொருவர் அதில் வட்டம் போட்டுக் குழுவில் அனுப்பினார். அதுவும் படத்தின் பயன்தான்.

உதிர்ந்த எண்ணைப் பற்றி அவர்களுக்குள் நெடுநாளாக இரண்டு கட்சி இருந்திருக்கிறது, முப்பத்தாறு என்று சிலர், முப்பத்தெட்டு என்று சிலர். தை மாதம் படைப்புக்கு முன்னால் முகப்பைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லிக் கோயம்புத்தூர் ஆச்சி அந்த 12:05 படத்தை மட்டும் தனியாகக் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கொத்தனார் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், எட்டின் அகலம் மூன்றின் அகலத்துக்குச் சமமா, கூடுதலா என்று கேட்கிறார், பார்த்துச் சொல்லுங்கள் தம்பி என்றார். படத்தைத் திறந்து அளந்தேன். எட்டு கொஞ்சம் குறுகல்.